பேஸ் அண்ணன் பாட்டை நிறுத்தமாட்டார்

பாட்டுக்கு நடுவில் நிறுத்துகிறவர்களைக் கண்டால் பேஸ் அண்ணனுக்கு ஆகாது. குடித்துவிட்டு வந்து மேடைக்குப் பின்னால் வாந்தி எடுத்தவனைக்கூட மன்னித்து, மறுநாள் நாஷ்டா வாங்கிக் கொடுத்திருக்கிறார். சரணம் முடிவதற்குள் மைக்கைக் கீழே வைத்தவனை மட்டும் அவர் மறுபடி கூப்பிட்டதே இல்லை.

ரேஷன் கார்டில் அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். எங்களில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டது கிடையாது. பகலில் கும்மிடிப்பூண்டி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் ஓட்டுவார். சாயங்காலத்திலும் ஞாயிற்றுக்கிழமையிலும் ஒரு லைட் மியூசிக் ட்ரூப் நடத்துவார். அதில் பேஸ் கிதார் வாசிப்பார், அதனால் பேஸ் அண்ணன். நெட்டையான ஆள், ஒட்டின கன்னம், நகக்கண்ணில் எப்போதும் எண்ணெய்க் கறுப்பு. கோயில் திருவிழா, மாதா கோயில் தேர், கல்யாண ரிசப்ஷன், கம்பெனி விழா என்று யார் கூப்பிட்டாலும் போவோம். நான் அந்த ட்ரூப்பில் ஏழெட்டு வருஷம் பெண்குரல் பாடினேன்.

நான் செவ்வாப்பேட்டைக்காரி. இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். பாட ஆள் தேடுகிறார்கள் என்று யாரோ சொல்ல, ரெண்டு ரயில் மாறிக் கும்மிடிப்பூண்டிக்குப் போனேன். ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு வெல்டிங் பட்டறை, அதற்கு மேலே ஒரு ஆஸ்பெஸ்டாஸ் ரூம். நான் பாட ஆரம்பித்து நாலு வரி தாண்டவில்லை, கரண்ட் போய்விட்டது. மின்விசிறி நின்றது, கீபோர்டு நின்றது, நானும் நிறுத்திவிட்டேன். பேஸ் கிதாரோடு உட்கார்ந்திருந்த ஆள் மட்டும் செத்துப்போன கம்பியைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

"இன்னா தங்கச்சி, கரண்டு தான போச்சு? உனுக்குக் கொரலும் கூடவே பூட்சா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ரெண்டரை மணி நேரம் பிரயாணம் செய்து வந்தவளுக்கு ஒரு தம்ளர் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை, வாயைப் பார்! வேண்டுமென்றே குரலை உயர்த்தி முழுப் பாட்டையும் பாடினேன். வியர்வை கண்ணில் இறங்கிற்று. பாடி முடித்தபோது அவர் சிரித்துக்கொண்டிருந்தார். "நாளாணிக்குப் பொன்னேரில ப்ரோக்ராம் கீது. வந்துடு," என்றார். என் இண்டர்வியூ அவ்வளவுதான்.

அவர் ஏன் அப்படி என்பது கவரைப்பேட்டைப் பக்கம் ஒரு திருவிழாவில் தெரிந்தது. மேடைக்கு முன்னால் ரெண்டு கோஷ்டிக்குச் சண்டை வந்துவிட்டது. நாற்காலி பறக்கிறது, ஒருத்தன் மண்டையில் ரத்தம். திரும்பிப் பார்த்தேன். பேஸ் அண்ணன் ஆள்காட்டி விரலை மேலே தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். எங்கள் ட்ரூப்பில் அதற்கு அர்த்தம், பல்லவியை மறுபடி எடு, நிறுத்தாதே. அன்றைக்கு அந்தப் பல்லவியை ஒன்பது தடவை பாடினேன்.

முடிந்ததும் வேனில் ஏறி உட்கார்ந்து அவரை ஒரு பிடி பிடித்தேன். "நாற்காலி என் மேல வுழுந்திருந்தா இன்னாண்ணா பண்ணியிருப்ப?"

"கம்முனு கேளு," என்றார். "முன்னாடி அட்ச்சிக்கிறவன் பத்துப் பேரு. பின்னாடி குந்திக்கினு கீறவன் ஆயிரம் பேரு. பாட்டு நின்னா ஆயிரம் பேரும் இன்னா இன்னான்னு எய்ந்து ஓடுவான். கொயந்தைங்கதான் கீய வுழும். பாட்டு ஓடிக்கினே இருந்தா அவன் பாட்டுக்குக் குந்திக்கினு இருப்பான்."

பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். வேறொரு ட்ரூப்பில் அவர் சின்னவராக இருந்தபோது ஒரு ஊரில் இப்படித்தான் பாட்டை நிறுத்தினார்களாம். கூட்டம் எழுந்து ஓடியதாம். கூட்டம் போனபிறகு மண்ணில் ஒரு பிள்ளை கிடந்ததாம். அதைத் தூக்கியது இவர்தான். எந்த ஊர், பிள்ளை பிழைத்ததா என்று நான் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தால் கேட்கத் தோன்றாது.

இத்தனைக்கும் எங்கள் கூட்டத்துக்கு அவர் வாசித்துக் கொடுத்தது சினிமாப் பாட்டு. அவர் மனசெல்லாம் இருந்தது வேறிடத்தில். பர்மா பஜாரில் பொறுக்கிச் சேர்த்த கேசட்டுகள் ஆறோ ஏழோ வைத்திருந்தார். எல்லாம் இங்கிலாந்துக்காரர்களின் ஒரே பேண்டு. ஜாஸும் ஃபங்க்கும் கலந்த சங்கீதம் என்று சொல்வார். எனக்கு என்ன தெரியும்? முதல் தடவை கேட்டபோது ஊதுகிறவன் ஒரு பக்கம் போகிறான், டிரம்ஸ் ஒரு பக்கம் போகிறது, வார்த்தையே காணோம். ஆனால் அடியில் ஒரு பேஸ் போய்க்கொண்டே இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டால் காலை ஆட்டாமல் இருக்க முடியாது.

அவருக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் வரும். அந்த பேண்டின் கதையை அவர் தெரிந்துகொண்டது கேசட் அட்டையில் இருக்கும் போட்டோக்களை வைத்து. அட்டைகளை வரிசையாகத் தரையில் பரப்பி வைப்பார். முதல் அட்டையில் ஏழு பேர், எல்லாருக்கும் காடு மாதிரி முடி. அடுத்ததில் ஆறு. அதற்கடுத்ததில் மறுபடி ஏழு, ஆனால் ரெண்டு முகம் புதுசு.

"இந்தக் கண்ணாடிக்காரன் எங்கண்ணா போனான்?" என்று நான் வம்புக்குக் கேட்பேன்.

"அவனுக்கு எங்கியோ பர்மனெண்டு ஆயிருக்கும். ஷிப்ட்டு ஒத்துவரல, பூட்டான்."

"இந்த மீசை?"

"மாமியார் ஊட்ல வுடல."

ட்ரம்பெட்காரன் துபாய் போய்விட்டான் என்று அடித்துச் சொன்னார். இங்கிலாந்துக்காரன் எதற்கு துபாய் போகிறான் என்று கேட்டால், "டப்பு யாருக்குத்தான் வேணாம்?" என்பார். எங்கள் ட்ரூப்பை விட்டுப் போனவர்கள் இப்படித்தான் போனார்கள், அதனால் அவர்களும் அப்படியே போயிருக்க வேண்டும் என்பது அவர் தீர்மானம். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலிக்கும்.

ஒரு தடவை அதே பேண்டின் புது சிடி ஒன்று கையில் கிடைத்தது. அட்டையில் ஆறு பேர். அதில் பழைய முகம் ஒன்றே ஒன்று, முடியெல்லாம் கொட்டி, கையில் பேஸ் கிதாரோடு. அண்ணன் தன் வீட்டு வாசலில் அதைக் கண்ணுக்குக் கிட்டே வைத்து வெகுநேரம் பார்த்தார். "முப்பது வருசம் இருக்கும் தங்கச்சி. ஆளு மாறிச்சு, முடி போச்சு, பேண்டு நிக்கல பாத்தியா," என்றார். கண் கலங்கியிருந்தது. கல்யாணமாகி மூன்று பிள்ளை பெற்றவருக்கு எங்கோ கிடக்கிற ஒரு வெள்ளைக்காரனைப் பார்த்து அழுகை. அண்ணி உள்ளேயிருந்து, "இந்த ஆளைக் கட்டிக்கினு நான் படற பேஜாரு!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

இந்தப் பிடிவாதத்தில் எனக்கு முதல் முதலாகப் பயம் வந்தது தாஸ் விஷயத்தில். தாஸ் எங்கள் டிரம்மர். பகலில் ஒரு ரோலிங் மில்லில் வேலை, இரும்பைப் பழுக்கக் காய்ச்சிக் கம்பியாக இழுக்கிற இடம். அங்கே ஒரு நாள் வலது கையில் ரெண்டு விரல் போய்விட்டது. பெரியாஸ்பத்திரியில் கட்டுப் போட்டுப் படுத்திருக்கிறான், பக்கத்தில் அவன் பெண்டாட்டி அழுதுகொண்டிருக்கிறாள். பேஸ் அண்ணன் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். பழத்தை வைத்துவிட்டு, அதே பையிலிருந்து டிரம் குச்சி ஒன்றையும் ஒரு டேப் சுருளையும் எடுத்தார்.

"ரெண்டு தான போச்சு? எட்டு கீதே," என்றார். கட்டவிழ்த்தபிறகு குச்சியை எப்படி மணிக்கட்டோடு சேர்த்து டேப் சுற்றவேண்டும் என்று அங்கேயே செய்து காட்டினார். தாஸ் பெண்டாட்டி, "நீயெல்லாம் மனுசனா?" என்று கத்தினாள். எனக்கும் அப்போது அதே எண்ணம்தான். மூன்று மாதம் கழித்து தாஸ் மேடையில் உட்கார்ந்தான். அன்றைக்கு அவன் முகத்தைப் பார்த்தவள் நான். "இந்த ஆளு அன்னிக்கு வரலன்னா தூக்கு மாட்டிக்கினு இருப்பேன்க்கா," என்றான். மில்லிலும் அவனைக் கழித்துவிடவில்லை, கேட்டுக்குப் பக்கத்து ஸ்டோர் ரூமில் உட்காரவைத்தார்கள். பேஸ் அண்ணன் நல்லவரா கிறுக்கா என்று நான் யோசிப்பதையே விட்டுவிட்டேன்.

இனிமேல் சொல்லப்போவது எனக்குப் பிடித்த பகுதி அல்ல. சொல்லாமல் விட்டால் அவரைப் பற்றிச் சொன்னதாகவும் ஆகாது.

எஸ்டேட்டில் ஆயுத பூஜை என்றால் கொண்டாட்டம். மெஷினையெல்லாம் துடைத்து சந்தனம் குங்குமம் வைப்பார்கள், வாசலில் பூசணிக்காய் உடைப்பார்கள். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் தொழிலாளிகளின் பெண்டாட்டி பிள்ளைகளைக் கேட்டுக்குள்ளே விடுவார்கள். சாயங்காலம் நாலு மணிக்கு லைட் மியூசிக். அந்த வருஷம் தாஸ் வேலை பார்த்த அதே மில்லில் எங்கள் ப்ரோக்ராம்.

அந்த மில்லுக்கு ஒரே கேட். கேட்டிலிருந்து உள்ளே ஷெட்டுக்கு ஒரே ஒரு சிமெண்ட் ரோடு, ரெண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குப் பழைய இரும்புக் குவியல். வேறு இடம் இல்லாததால் ரோட்டிலேயே நாற்காலி போட்டுவிட்டார்கள். மேடை கேட்டை ஒட்டி. ஜனம் எங்களைப் பார்த்து, ஷெட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது. எல்லா மெஷினுக்கும் லீவு, ஒரு உலைக்கு மட்டும் லீவு இல்லை. ஏதோ அவசர ஆர்டர். உள்ளூர்க்காரர்களெல்லாம் குடும்பத்தோடு நாற்காலியில் இருக்க, உலையில் நின்றவர்கள் பீகார்க்காரப் பையன்கள்.

நாலாவது பாட்டோ அஞ்சாவதோ. ஷெட்டுக்குள் டமாரென்று ஒரு சத்தம். ஜனங்கள் வெடி போடுகிறார்கள் என்று நினைத்துக் கைதட்டினார்கள். மேடையில் நின்ற எனக்குத்தான் ஷெட்டின் வாசல் தெரிந்தது. புகை வந்தது. பிறகு நாலைந்து பேர் ரெண்டு ஆட்களைச் சாக்கில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். கம்பெனியின் வெள்ளை வேனில் ஏற்றினார்கள். வேன் கிளம்பி வந்து கடைசி வரிசை நாற்காலிக்குப் பின்னால் நின்றுவிட்டது. முன்னே போக வழி இல்லை.

மேனேஜர் மேடைக்குப் பக்கவாட்டில் ஏறி வந்து பேஸ் அண்ணன் காதில் என்னவோ சொன்னார். பிறகு தெரிந்துகொண்டேன், அவர் சொன்னது இதுதான்: சின்ன தீ, அணைத்தாகிவிட்டது, பாட்டை நிறுத்தினால் கூட்டம் ஓடும், இருப்பது ஒரே கேட். பேஸ் அண்ணன் தலையாட்டினார். என்னைப் பார்த்து விரலைச் சுற்றினார்.

நான் பாடினேன். யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. வேனுக்குள் என்ன இருக்கிறது என்று அண்ணனுக்குத் தெரியாது, அவர் கம்பியைக் குனிந்து பார்த்து வாசித்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரியும். தெரிந்தும் நாலு பாட்டுப் பாடினேன். நாலும் வேகப் பாட்டு, பிள்ளைகள் எழுந்து ஆடின. அதற்கப்புறம் மேனேஜர் நன்றி சொன்னார். பொரிப் பொட்டலம் வாங்க ஜனங்கள் கேட்டில் வரிசையாக நின்றார்கள். எல்லாரும் வாங்கிக்கொண்டு வெளியே போனபிறகுதான் வேன் நகர்ந்தது.

மறுநாள் தாஸ் ரூமுக்கு வந்தான். ஒருத்தன் அப்போதே போய்விட்டிருந்தானாம். இன்னொருத்தன் வேனுக்குள் பேசிக்கொண்டே இருந்தானாம், தண்ணி தண்ணி என்று. செங்குன்றம் தாண்டும்போது அவனும் போய்விட்டான். கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருக்கக் கூடாதா என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்களாம்.

பேஸ் அண்ணன் என்னைக் கேட்டார். "எத்தினி பாட்டு தங்கச்சி?"

"நாலு."

"பொரி குடுத்த நேரம் தனியா?"

"தனிண்ணா."

அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

அடுத்த வாரம் விசாரணைக்கு அதிகாரி வரப்போகிறார் என்று தெரிந்ததும் மேனேஜர் எங்கள் ரூம் படியேறி வந்தார். சத்தம் கேட்டவுடன் பாட்டு நின்றது, வேன் அந்த நிமிஷமே போனது என்று நாங்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் அவர்கள் முதலாளிக்கு இருக்கிற எல்லாக் கம்பெனி விழாவும் வருஷா வருஷம் எங்களுக்குத்தான். கொடுக்காவிட்டால் எஸ்டேட்டில் ஒரு ஷெட்டிலும் எங்கள் ட்ரூப் கால் வைக்க முடியாது. மிரட்டலாகக்கூடச் சொல்லவில்லை அந்த ஆள், டீ குடித்துக்கொண்டே சொன்னார்.

எங்கள் பிழைப்பில் முக்கால்வாசி கம்பெனி விழாதான். அது போனால் ட்ரூப் கலைந்தது என்று அர்த்தம். பேஸ் அண்ணன் மேனேஜர் கொண்டுவந்த காகிதத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். இருபத்து மூணு வருஷம் அவர் நடத்திய ட்ரூப். அவர் என்ன செய்வார் என்று எனக்கு நிஜமாகவே தெரியவில்லை.

கையெழுத்துப் போட்டார். "பேண்டு நிக்கக்கூடாது தங்கச்சி," என்று என் முகத்தைப் பார்க்காமல் சொல்லிக் காகிதத்தை என் பக்கம் நகர்த்தினார். நானும் போட்டேன். தாஸும் போட்டான், அவனுக்கு அங்கேயே வேலை. மற்ற ரெண்டு பேரும் போட்டார்கள். விசாரணை அந்தக் காகிதத்தோடு முடிந்தது. அன்றைக்கு ரயிலில் வரும்போது என் மேல் எனக்கே காறித் துப்பவேண்டும் போலிருந்தது.

அந்த வருஷம் எங்களுக்கு இருந்த ப்ரோக்ராம் எந்த வருஷமும் இருந்ததில்லை. அண்ணன் வாசித்தார், சம்பளம் பிரித்தார், கேசட்டு அட்டை, கிண்டல் எல்லாம் போய்விட்டது. புதிதாக ஒரு பழக்கம் வந்தது. எந்த ஊருக்குப் போனாலும் பெட்டியை இறக்குவதற்கு முன்னால் மேடையிலிருந்து வெளிவாசல் வரைக்கும் நடந்து போவார். விழாக்காரரைப் பிடித்து, "ஒரு வண்டி வந்தா எப்படிப் போவும்?" என்று கேட்பார். "இன்னா வண்டி நைனா?" என்று சிரிப்பார்கள். அவர் திரும்பிவந்து நாற்காலிகளைத் தானே நகர்த்தி வைப்பார். அண்ணி என்னிடம் தனியாக, தூக்கத்தில் விரலைச் சுற்றுகிறார் என்று சொல்லி அழுதாள்.

மறு வருஷ ஆயுத பூஜைக்கு அதே மில்லில் கூப்பிட்டார்கள். நான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். செவ்வாப்பேட்டைக்கே தேடி வந்தார். எங்கள் வீட்டு வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று, "இந்த ஒரு தபா வந்துடு தங்கச்சி. வந்தே ஆவணும்," என்றார். போனேன். அதுதான் எங்கள் ட்ரூப்பின் கடைசிப் ப்ரோக்ராம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அதே கேட், அதே ரோடு, அதே மாதிரி ரோட்டை அடைத்து நாற்காலி. அன்றைக்கு மட்டும் அவர் எதையும் நகர்த்தவில்லை. மூன்றாவது பாட்டு, ரெண்டாவது சரணத்துக்கு நடுவில், பேஸ் நின்றது. வயர் பிடுங்கிக்கொண்டது என்று நினைத்துத் திரும்பினேன். அண்ணன் வாரைத் தலைவழியாகக் கழற்றிக் கிதாரைத் தரையில் வைத்துக்கொண்டிருந்தார். தாஸ் ரெண்டு அடி சும்மா அடித்துவிட்டு அவனும் நிறுத்தினான். நான் வாயைத் திறந்தபடி நின்றேன். அவர் வந்து என் கையிலிருந்த மைக்கை வாங்கினார்.

"அல்லாரும் கொஞ்சம் எய்ந்துக்குங்க. அவங்கவுங்க சேரை அவங்கவுங்க தூக்கிக்குங்க. கொயந்தைங்களைக் கையில புடிச்சுக்குங்க. பின்னாடி வண்டி கீது, வழி வுடுங்க."

ஜனம் திரும்பிப் பார்த்தது. பின்னால் ஒரு வண்டியும் இல்லை. ஆனாலும் எழுந்தார்கள். "இன்னாவாம்?" "தெர்ல, வண்டி வருதாம்." முணுமுணுத்துக்கொண்டே ஆளுக்கொரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இரும்புக் குவியல் ஓரமாக ஒதுங்கினார்கள். ஒரு பெண் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பக்கத்திலிருந்த கிழவரின் நாற்காலியையும் சேர்த்து எடுத்தாள். கேட்டிலிருந்து ஷெட்டு வரைக்கும் சிமெண்ட் ரோடு வெறிச்சென்று திறந்தது. ரெண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

மேனேஜர் அந்தக் காலி ரோட்டில் கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார். பேஸ் அண்ணன் அவரைப் பார்க்கவில்லை. ரெண்டு பக்கமும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, வராத வண்டிக்காகப் பொறுமையாக நின்றிருந்த ஜனத்தையே பார்த்தார். பிறகு மேடை விளிம்பில் மடங்கி உட்கார்ந்தார். மைக் இன்னும் அவர் கையில்தான் இருந்தது. அதனால் அவர் என்னிடம் சொன்னது எல்லாருக்கும் கேட்டது.

"ஒர்த்தன்கூட ஓடலியே தங்கச்சி."